ஆஸ்டின் ஜான்சன் நூலகத்துக்கு மாணவர்களைக் குழுவாக அழைத்துச் செல்வது எப்படி? தமிழ்ப் பள்ளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹூஸ்டன், டாலஸ், சான் அன்டோனியோ, ஆஸ்டின் வட்டாரத் தமிழ்ப் பள்ளிகளில் சுற்றுலாப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட தன்னார்வலர்களுக்காக எழுதியது இது. டெக்சஸ் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் முன்னாள் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் நூலகத்தை மையமாக வைத்திருக்கிறோம். வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கான குறிப்பு கடைசியில் இருக்கிறது.

நூலகம் என்கிறார்கள், அருங்காட்சியகம் என்றும் சொல்கிறார்கள். அங்கே புத்தகம் எடுக்க முடியுமா?

முடியாது. பெற்றோருக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சலிலேயே இதைத் தெளிவாக்கிவிடுங்கள். அதிபர் நூலகம் என்பது ஆவணக் காப்பகம். ஓர் அதிபரின் ஆட்சிக்காலக் கடிதங்கள், குறிப்புகள், உரை வரைவுகள், படங்கள், ஒலிப்பதிவுகள் எல்லாம் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தன் ஊரான ஹைட் பார்க்கில் 1941இல் தொடங்கிவைத்த வழக்கம் இது. 1955இல் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. இப்போது இந்த நூலகங்களை நடத்துவது அமெரிக்காவின் தேசிய ஆவணக் காப்பகம்.

ஜான்சன் நூலகம் 1971 மே 22 அன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ நாலரைக் கோடிப் பக்கங்கள் அங்கே உள்ளன. நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அந்தக் காப்பகத்தின் முன்கூடம் போன்ற அருங்காட்சியகத்தை மட்டும்தான். பெரிய மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், கண்ணாடிக்குப் பின்னால் தங்க முத்திரை பதித்த சிவப்புப் பெட்டிகள் மாடி மாடியாக அடுக்கியிருப்பது தெரியும். பிள்ளைகள் அதை வெறும் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோய்விடுவார்கள். உள்ளே இருப்பவை உண்மையான தாள்கள் என்று அந்த இடத்திலேயே ஒருவர் நின்று சொல்ல வேண்டும்.

இத்தனை அதிபர்கள் இருக்க, தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏன் ஜான்சன்?

அவர்களில் பெரும்பாலானோர் இந்த நாட்டில் பிறந்ததற்கோ வளர்வதற்கோ அவர் போட்ட ஒரு கையெழுத்து காரணம். 1946 முதல் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் குடியேற்ற ஒதுக்கீடு இருந்தது. நாட்டுவாரியான அந்தப் பழைய ஒதுக்கீட்டு முறையை ஒழித்த சட்டத்தில், 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் ஜான்சன் கையெழுத்திட்டார். குடும்ப உறவும் தொழில்திறனும் அடிப்படையாயின. கிழக்கு அரைக்கோளத்தின் எந்த நாட்டுக்கும் ஆண்டுக்கு 20,000 என்ற ஒரே உச்சவரம்பு வந்தது. பொறியாளர்களும் மருத்துவர்களும் இந்தியாவிலிருந்து பெருமளவில் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஒரு எச்சரிக்கை. கையெழுத்திட்ட மூலச் சட்டத்தாள் ஆஸ்டினில் இல்லை. சட்டங்களின் மூலப்படி வாஷிங்டனில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். "அந்தச் சட்டத்தைக் காட்டுகிறோம்" என்று சொல்லிக் கூட்டிப்போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அதிபரின் தாள்களும் குரலும் இருக்கும் இடம் என்று சொல்லுங்கள், அது சரியாக இருக்கும்.

எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது?

திட்டம் குலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தமிழ்ப் பள்ளிகள் வார இறுதியில் நடப்பவை, அதனால் சனிக்கிழமையே வசதி என்று தோன்றும். ஆனால் நூலகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானம் இருக்கிறது. ஒரு லட்சம் பேர் அமரும் இடம் அது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை உள்ளூரில் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் சாலைகள் அடைபடும், நூலகப் பார்க்கிங்கையும் நம்ப முடியாது, பஸ் அருகில்கூட வர இயலாது. தேதி குறிக்கும் முன் டெக்சஸ் பல்கலைக்கழகக் கால்பந்து அட்டவணையைப் பாருங்கள். ஆட்டம் வெளியூரில் என்றால் கவலையில்லை.

மார்ச் நடுவில் பள்ளிகளின் வசந்த விடுமுறையும் ஆஸ்டினின் பெரிய இசை, திரைப்பட விழாவும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வரும். அக்டோபரில் ஸில்கர் பூங்கா இசைவிழா இரண்டு வார இறுதிகளைப் பிடித்துக்கொள்ளும், கார்ப் பந்தயமும் அந்தப் பருவத்தில்தான். இரவு தங்கும் எண்ணம் இருந்தால் இந்த நாட்களில் ஓட்டல் வாடகையைக் கேட்டாலே மயக்கம் வரும். ஏப்ரலிலும் மே மாதத் தொடக்கத்திலும் வார நாட்களில் மற்றப் பள்ளிகளின் கூட்டம் நெரியும்.

நல்ல காலம் என்று கேட்டால், ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் தொடக்கம் வரையிலான ஞாயிற்றுக்கிழமைகள். வெயில் இல்லை, கூட்டமும் குறைவு. நன்றி நவிலும் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய மூன்று நாட்களும் மூடியிருக்கும்.

இன்னொன்று, பலர் மறந்துவிடுவது: இது கூட்டரசு நிறுவனம். நாடாளுமன்றம் நிதி ஒதுக்காமல் அரசு முடங்கினால் அதிபர் நூலகங்களும் மூடப்படலாம். 2013 அக்டோபரில் 16 நாள் அப்படித்தான் மூடிக்கிடந்தன. அக்டோபர் தொடக்கத்தில் தேதி வைத்தால், பஸ் முன்பணத்தைத் திரும்பப் பெறும் நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும்? என்ன விவரம் கேட்பார்கள்?

ஆறு வாரத்துக்கு முன் எழுதுங்கள். குழு வருகைக்கான படிவம் நூலகத்தின் தளத்திலேயே உண்டு. மாணவர் எண்ணிக்கை, வகுப்பு நிலை, பெரியவர் எண்ணிக்கை, வந்து சேரும் நேரம், பஸ்ஸா கார்களா, சக்கர நாற்காலி தேவையா, வழிகாட்டி வேண்டுமா நாங்களே சுற்றிப் பார்ப்போமா என்ற விவரங்களைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். பொறுப்பாளர் ஒருவரின் கைப்பேசி எண் மட்டும் கொடுங்கள். மூன்று பேர் மூன்று மின்னஞ்சல் அனுப்பி, ஒரே குழு மூன்றாகப் பதிவான கதைகள் உண்டு.

தமிழ்ப் பள்ளி முழுநேரப் பள்ளி அல்ல என்பதால் கல்விக் குழுச் சலுகை கிடைக்குமா என்ற ஐயம் வரும். இலாப நோக்கற்ற அமைப்பு என்பதற்கான சான்றையும் பள்ளியின் முகப்புத்தாளில் எழுதிய கடிதத்தையும் முதல் மின்னஞ்சலிலேயே இணைத்துவிட்டுக் கேளுங்கள். வாசலில் போய்ச் சலுகை கேட்டு வாதாடுவதில் பயனில்லை.

ஒரு வாரம் முன்பு இறுதி எண்ணிக்கையை உறுதிசெய்யுங்கள். நம்மவர்களிடம் "வர்றோம்னு நினைக்கிறோம்" என்ற பதில் சகஜம். அதை "இல்லை" என்று எழுதிக்கொள்வதே பாதுகாப்பு.

எந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றது?

ஐந்தாம் வகுப்பும் அதற்கு மேலும் என்றால் முழுப் பயன். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு இரண்டு விஷயங்கள்தான் பிடிக்கும்: நகைச்சுவைக் கதை சொல்லும் இயந்திர ஜான்சன் பொம்மை, பத்தாம் மாடியில் இருக்கும் அதிபர் அலுவலக மாதிரி. அந்த அறை உண்மையான அளவில் எட்டில் ஏழு பங்கு. மூன்று தொலைக்காட்சிப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் காட்டி, "ஏன் மூன்று?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று செய்தி அலைவரிசைகளையும் ஒரே நேரத்தில் பார்க்கத்தான் என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

கென்னடி கொலை, வியட்நாம் போர் எல்லாம் இருக்குமே?

இருக்கும். ஜான்சன் அதிபரானதே 1963 நவம்பர் 22 அன்று டாலஸில் கென்னடி சுடப்பட்டதால்தான். வியட்நாமில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள், வியட்நாமியர் அதைவிடப் பல மடங்கு. எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை அந்தப் பகுதிகளில் நிறுத்தாமல் அழைத்துப்போங்கள். பெரிய பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். குடிமை உரிமைச் சட்டங்களைக் கொண்டுவந்தவரும் போரை விரிவாக்கியவரும் ஒரே மனிதர் என்பது பதினைந்து வயதில் புரியக்கூடிய சங்கதிதான். புகழ்மாலையாக மட்டும் சொன்னால் அவர்களே நம்ப மாட்டார்கள்.

பஸ் கணக்கு எப்படி?

வாடகைச் சொகுசு பஸ் பெரும்பாலும் 56 இருக்கை. 48 மாணவர், 6 பெரியவர், ஆக 54. மீதி இரண்டு இருக்கையைக் காலியாக விடுங்கள், வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு முன்வரிசை தேவைப்படும். எட்டு மாணவருக்கு ஒரு பெரியவர் என்ற விகிதம் இதில் சரியாக வருகிறது. நூலகம் கேட்பது இதைவிடக் குறைவாக இருந்தாலும் எட்டைத் தாண்டாதீர்கள். மஞ்சள் பள்ளிப் பஸ் மலிவுதான், ஆனால் பலவற்றில் கழிப்பறையும் குளிர்சாதனமும் கிடையாது. சான் அன்டோனியோவிலிருந்து 80 மைல் என்றால் தாங்கும். ஹூஸ்டனிலிருந்து 165 மைல், டாலஸிலிருந்து 195 மைல் என்றால் வேண்டாம்.

ஓட்டுநரின் நேரம் தனிக் கணக்கு. பயணிகள் பஸ் ஓட்டுநர் ஒரு பணிப்பொழுதில் 10 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தம் 15 மணி நேரம் பணியில் இருந்துவிட்டால் அதன்பின் ஓட்டவே கூடாது என்பது கூட்டரசு விதி. ஹூஸ்டனிலிருந்து போய்வர சுமார் ஆறு மணி நேரம், சிக்கலில்லை. டாலஸிலிருந்து ஐ-35 நெரிசலோடு போய்வர ஏழெட்டு மணி நேரம். அதோடு ஜான்சன் குடியிருந்த பண்ணையையும் ஒரே நாளில் சேர்த்தால் வரம்பை முட்டிவிடும். நடுவழியில் ஓட்டுநர் வண்டியை ஓரம்கட்டினால் அவர்மீது தப்பில்லை, திட்டம் போட்டவர் கணக்குதான் தப்பு. அப்படிப் போக வேண்டுமென்றால் ஓர் இரவு தங்குங்கள், அல்லது இரண்டாம் ஓட்டுநருக்குப் பணம் ஒதுக்குங்கள்.

உள்ளே எவ்வளவு நேரம்? எல்லாரும் ஒன்றாகவே போகலாமா?

இரண்டு மணி நேரம் போதும். இரண்டரை மணி தாண்டினால் பிள்ளைகள் தரையில் உட்கார ஆரம்பிப்பார்கள். 48 பேரையும் ஒரே கூட்டமாக நடத்தினால் முன்னால் நிற்கும் பத்துப் பேருக்குத்தான் எதுவும் தெரியும். பன்னிரண்டு பேர் கொண்ட நாலு அணியாகப் பிரியுங்கள்.

பத்தாம் மாடிக்குப் போகும் லிஃப்ட்தான் இடுக்கு. நாலு அணியும் கடைசியில் அங்கே போகலாம் என்று வைத்தால், 48 பேர் லிஃப்ட் வாசலில் நிற்பார்கள், அரைமணி அதிலேயே கரையும். அதனால் முதல் அணி நேராகப் பத்தாம் மாடியில் தொடங்கட்டும். இரண்டாம் அணி ஆட்சிக்காலக் காட்சிகளில், மூன்றாம் அணி பெரிய மண்டபத்தில், நாலாம் அணி அப்போதைய சிறப்புக் கண்காட்சியில். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். நாலு சுற்றுக்கு 100 நிமிடம், கழிப்பறைக்கும் கடைக்கும் 20.

பரிசுப்பொருள் கடையைக் கடைசியில் வையுங்கள். முதலில் விட்டால் பைகளைச் சுமந்துகொண்டே சுற்றுவார்கள், ஏதாவது ஒன்று தொலையும்.

பிள்ளைகள் எதையெல்லாம் தவறவிடக் கூடாது?

தொலைபேசிகளை. ஜான்சன் தன் உரையாடல்களை ரகசியமாகப் பதிவுசெய்தார், மொத்தம் ஏறத்தாழ 643 மணி நேரம். தன் மரணத்துக்குப் பின் 50 ஆண்டு மூடிவைக்கச் சொல்லியிருந்தார், 1973இல் இறந்தார். ஆனால் நூலகம் 1993 முதலே திறந்துவிடத் தொடங்கியது. காட்சிகளுக்கிடையே இருக்கும் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தால் அவர் ஒருவரைக் கெஞ்சுவதும் மிரட்டுவதும் கேட்கும். அச்சடித்த பலகைகளைப் படிக்காத பிள்ளைகூட இதில் நின்றுவிடும். அவருடைய டெக்சஸ் உச்சரிப்பு முதலில் புரியாது. வகுப்பில் ஒரு பதிவை முன்னதாகப் போட்டுக் காட்டிக் காதைப் பழக்குங்கள். வீட்டில் இணையத்தில் தேடும்போது கவனம் தேவை: 1964இல் அவர் கால்சட்டை தைக்கச் சொல்லி ஆர்டர் கொடுக்கும் பதிவு மிகப் பிரபலம், பச்சையான பேச்சு அதில் இருக்கிறது. நீங்கள் முழுவதும் கேட்காத எதையும் வகுப்பில் ஓடவிடாதீர்கள்.

அடுத்தது கொட்டுல்லா கதை. 1928இல் கல்லூரிப் படிப்பை நிறுத்திவைத்து, அந்தச் சிற்றூரில் ஏழை மெக்சிக்க அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஜான்சன் பாடம் நடத்தினார். 1965 மார்ச் 15 அன்று வாக்குரிமைக்காக நாடாளுமன்றத்தில் பேசியபோது அந்தப் பிள்ளைகளை நினைவுகூர்ந்தார். வாக்குரிமைச் சட்டம் ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்தானது.

வினாத்தாள் கொடுக்கலாமா?

ஒரு பக்கம், நாலு கேள்வி. இருபது கேள்வி கொடுத்தால் பிள்ளைகள் தலைநிமிராமல் பலகைக்குப் பலகை ஓடி விடை பொறுக்குவார்கள், எதையும் பார்க்க மாட்டார்கள். "1965இல் கையெழுத்தான மூன்று சட்டங்களின் பெயர்" என்பது கூகுளில் கிடைக்கும் விடை. "தொலைபேசியில் கேட்ட உரையாடலில் ஜான்சனுக்கு என்ன வேண்டியிருந்தது? எப்படிக் கேட்டார்?" என்பது அங்கே நின்றால்தான் கிடைக்கும்.

தமிழ்ச் சொற்களையும் சேர்த்துவிடலாம்: ஆவணம், காப்பகம், குடியேற்றம், ஒதுக்கீடு, வாக்குரிமை, வரைவு. பேருந்தில் போகும்போதே இவற்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், உள்ளே பொருளைப் பார்க்கும்போது சொல் ஒட்டிக்கொள்ளும். பென்சில் மட்டும் கொடுங்கள். கெட்டியான அட்டையும் வேண்டும், இல்லையென்றால் காட்சிப்பெட்டிக் கண்ணாடிமேல் வைத்து எழுதுவார்கள், காவலர் வந்து நிறுத்துவார்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் உண்மையான ஆவணங்களைப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் குழுவாக அல்ல. ஆய்வாளர் அட்டைக்குப் பொதுவாக 14 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆய்வு அறை வார நாட்களில்தான் இயங்கும். உள்ளே பேனாவுக்கு அனுமதியில்லை. எந்தப் பெட்டி வேண்டும் என்று முன்கூட்டியே ஆவணக் காப்பாளருக்கு எழுதிக் கேட்க வேண்டும். "இந்தியா பற்றி ஏதாவது" என்று கேட்டால் அவர்களால் உதவ முடியாது. தலைப்பைக் குறுக்குங்கள்.

ஒரு நல்ல தலைப்பு: 1965–67 உணவு நெருக்கடி. மழை பொய்த்து இந்தியா அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தபோது, ஜான்சன் ஒரேயடியாக ஒப்பந்தம் போடாமல் கப்பல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகவே அனுப்பினார், வேளாண்மைக் கொள்கையை மாற்றச் சொல்லி அழுத்தினார். இந்தியத் தரப்பில் பேச்சு நடத்தியவர் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் செயலர் ஆர்வில் ஃப்ரீமனோடு உடன்பாடு கண்டார். அடுத்த ஆண்டு 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை இந்தியாவுக்கு வந்தது. பசுமைப் புரட்சியைப் பாடப்புத்தகத்தில் படித்த பாட்டி, தாத்தாவிடம் பேட்டி எடுத்து, அதோடு வெள்ளை மாளிகைக் குறிப்புகளை ஒப்பிட்டால் நல்ல கட்டுரை கிடைக்கும். நேரில் போக முடியாதவர்கள் நூலகத்தின் இணைய ஆவணத் தொகுப்பில் தேடலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆசிரியர் தளத்தில் ஆவணத்தை அலசும் பயிற்சித்தாள்களும் இலவசம்.

மதியச் சாப்பாடு?

காட்சிக்கூடங்களுக்குள் உணவோ தண்ணீரோ கூடாது. கையில் கட்டிக்கொண்டு போய் வெளியே புல்வெளியில் சாப்பிடுவதே எளிது. பள்ளிச் சுற்றுலா என்றாலே தயிர்சாதம் என்ற பழக்கத்தை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கைவிடுங்கள். மூடிய பஸ்ஸின் அடிப்பெட்டியில் காலை ஆறு மணிக்கு வைத்த தயிர்சாதம் பன்னிரண்டு மணிக்குப் புளித்துப் பொங்கும். புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்திச் சுருள் பரவாயில்லை, அவையும் ஐஸ் பெட்டியில் இருக்கட்டும். முந்திரி, வேர்க்கடலை தாளித்ததை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பொட்டலத்தோடு கலக்காமல், தனி நிற ஸ்டிக்கர் ஒட்டுங்கள். தலைக்கு அரை லிட்டர் தண்ணீர் இரண்டு பாட்டில். குப்பைப் பைகளை மறக்க வேண்டாம்.

மழை பெய்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். பெரும்பாலும் பஸ்ஸிலேயே சாப்பிட வேண்டியிருக்கும், அதற்கு ஓட்டுநர் நிறுவனத்தின் ஒப்புதல் தேவை.

பண்ணையையும் பார்க்கலாமா?

மேல்நிலை மாணவர்கள் என்றால் அவசியம். பண்ணை இருக்கும் ஸ்டோன்வால் ஆஸ்டினுக்கு மேற்கே சுமார் 65 மைல். ஜான்சன் நாலு வயதில் போன சிறு பள்ளிக்கூடம் அங்கே இருக்கிறது. 1965 ஏப்ரல் 11 அன்று, தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பள்ளிக்கல்விச் சட்டத்தில் அதன் முன்னால்தான் கையெழுத்திட்டார். அவர் குடியிருந்த வீட்டுக்குள் போகும் சுற்று, கட்டடப் பழுது காரணமாக 2018இல் நிறுத்தப்பட்டது. வீட்டைக் காட்டுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். பண்ணைக்குள் வண்டி ஓட்ட இலவச அனுமதிச்சீட்டை மாநிலப் பூங்காவின் வரவேற்பு மையத்தில் வாங்க வேண்டும். அதே பூங்காவில் 1918ஆம் ஆண்டு வாழ்க்கையை நடத்திக்காட்டும் பழைய பண்ணை இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் வழியெல்லாம் நீலப்பூக்கள்.

நேரமில்லை என்றால் ஆஸ்டினிலேயே மாநிலச் சட்டமன்றக் கட்டடம் இலவசம், அருகில்தான்.

நாங்கள் டெக்சஸில் இல்லையே?

மேலே சொன்ன கணக்குகள் பொதுவானவை, இடத்துக்கேற்ற பொறிகள் மட்டும் வேறு. ஜெரால்ட் ஃபோர்டின் நூலகம் ஆன் ஆர்பரில், அருங்காட்சியகமோ கிராண்ட் ராபிட்ஸில். இரண்டுக்கும் இடையே சுமார் 130 மைல். தவறான ஊருக்குப் பஸ் பிடிப்பது மிக எளிது. லிங்கன் நூலகம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கிறது, நடத்துவது இல்லினாய் மாநில அரசு, ஆகவே கூட்டரசு முடக்கம் அதைத் தொடாது. கலிஃபோர்னியாவில் சிமி வேலியில் ரீகன் நூலகத்துக்குள் ஓர் அதிபர் விமானமே நிற்கிறது. பிள்ளைகள் அதில் ஏறி நடக்கலாம், ஆனால் நடைபாதை ஒற்றையடி அகலம்தான், ஒரு வகுப்புக்கு அரைமணி தனியாக ஒதுக்குங்கள். பாஸ்டனில் கென்னடி நூலகம் கடலோரம், குளிர்காலக் காற்றில் வெளியே சாப்பிடும் திட்டம் நடக்காது.

கிளம்பும் அன்று காலை கையில் என்ன இருக்க வேண்டும்?

பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்கள் தாளிலேயே, ஏனென்றால் வழியில் சில இடங்களில் சிக்னல் போகும். அவசர எண்கள், ஒவ்வாமைப் பட்டியல், எபிபென் (ஒவ்வாமைக்கான அவசர ஊசி) வைத்திருக்கும் பிள்ளைகளின் பெயர், அந்த எபிபென் யாருடைய பையில் என்பது. பதிவு உறுதிக் கடிதத்தின் இரண்டு படிகள், ஒன்று ஓட்டுநருக்கு. அணிவாரியாகப் பெயர்ப்பட்டியல். பிள்ளைகளின் கழுத்து அட்டையில் பள்ளியின் பெயரும் பொறுப்பாளர் எண்ணும் போதும், பிள்ளையின் பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பஸ் ஏறும்போது, இறங்கும்போது, சாப்பாட்டுக்குப் பின், திரும்ப ஏறும்போது என்று நாலு முறை தலை எண்ணுங்கள். எண்ணுபவர் ஒருவராகவே இருக்கட்டும்.